விழுந்தால் தாங்கும் தரை

(பத்தமடையில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஊருக்கு நான் புதியவன் அல்ல. முப்பது வருஷத்துக்கும் மேல் இந்தத் திருநெல்வேலி மாவட்டத்து வங்கிக் கிளைகளில் வேலை பார்த்தவன். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று ஆற்றங்கரையோடு மேலும் கீழுமாக மாற்றலாகிக்கொண்டே இருந்தேன். உங்களில் பலருடைய தாலிச் சங்கிலியும் கருகமணியும் என் மேஜையைக் கடந்துதான் பெட்டகத்துக்குள் போயிருக்கின்றன. பெரும்பாலானவை திரும்பி வந்தன. ஏலத்துக்குப் போனவையும் உண்டு. அந்தப் பெயர்களை நான் மறக்கவில்லை.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு, பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சேமிப்பைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். போனேன். உண்டியலில் ஆரம்பித்து வட்டிக்கு வட்டி வரை கணக்குப் போட்டுக் காட்டினேன். முடித்ததும் ஒரு பையன் எழுந்தான். ஏழாவதோ எட்டாவதோ படிக்கிற பையன். "சார், எங்க உம்மா விடிஞ்சதுலேருந்து அடையிற வரைக்கும் பாய் நெய்யுது. எங்க பெத்தம்மாவும் அப்படித்தான் நெஞ்சாங்களாம். நாங்க ஏன் சார் இன்னும் பணக்காரங்க ஆகல?" என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை. நான் போட்ட கணக்கை அவன் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துப் பார்த்திருக்கிறான், கணக்கு இடித்திருக்கிறது.

"நல்லாப் படிப்பா, உழைச்சா முடியாதது இல்லை" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். அது அவன் கேள்விக்குப் பதில் இல்லை. அவன் உம்மா உழைக்கிறாள் என்பதைச் சொல்லித்தானே அவன் கேள்வியையே தொடங்கினான்! அந்தப் பையனுக்குப் பதில் பாக்கி வைத்த மனக்குறை இத்தனை வருஷமும் என்னிடம் இருந்தது. இன்றைக்கு அந்தப் பாக்கியைத்தான் தீர்க்க வந்திருக்கிறேன்.

முதலில் உழைப்பைப் பற்றிப் பேசிவிடுவோம். உழைப்பும் கைத்திறனும் மட்டும் ஒருவரைப் பணக்காரராக்கும் என்றால் தமிழ்நாட்டிலேயே பெரிய பணக்கார ஊர் பத்தமடையாக இருக்க வேண்டும். நான் முகஸ்துதி செய்யவில்லை. ஆற்றோரத்துக் கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, வெயிலில் காயவைத்து, ஓடுகிற தாமிரபரணித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, அது பெருத்தபின் மறுபடி காயவைத்து, நூலைப் போல மெல்லிசாக ஆக்கி, சாயம் தோய்த்து, தரையில் தறி கட்டி இரண்டு பெண்கள் உட்கார்ந்து நெய்கிறார்கள். ஒருத்தி குச்சியில் கோரையைச் செருகி ஊடே தள்ளுகிறாள். இன்னொருத்தி அச்சை இழுத்து அடிக்கிறாள். இழை எண்ணிக்கை 100 முதல் 140 வரை போகும் பட்டுப்பாய் ஒன்று முடிய வாரங்கள் ஆகும். அதைத் துணி போல மடிக்கலாம். 1953இல் இங்கிலாந்து ராணியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் போனதை இந்த ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். புவிசார் குறியீடும் கிடைத்துப் பத்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. கல்யாணப் பாயில் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் எழுத்துக்கு எழுத்து பிசகாமல் நெய்து கொடுக்கிற கை இது. பள்ளிக்கூடம் போகக் கொடுத்துவைக்காத பெண்கள்கூட அந்த எழுத்துகளை நெய்திருக்கிறார்கள்.

இந்தத் திறமைக்கு மேல் என்ன திறமை வேண்டும்? இந்த உழைப்புக்கு மேல் என்ன உழைப்பு வேண்டும்? அப்படியானால் குறை வேறெங்கோ இருக்கிறது. அது எங்கே என்று எனக்குப் புரியவைத்தவர்கள் இரண்டு பெண்கள். பெயர் சொல்லமாட்டேன். இருவரும் பாய் நெய்தவர்கள். ஏறக்குறைய ஒரே சமயத்தில் என்னிடம் நகைக்கடன் வாங்கியவர்கள்.

இருவருக்கும் ஆசை ஒன்றுதான். வியாபாரியிடம் கூலிக்கு நெய்வதை விட்டுவிட்டு, தாங்களே கோரை வாங்கி, தாங்களே நெய்து, திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் நேராக விற்க வேண்டும். இருவருமே கெட்டிக்காரிகள். இருவருக்கும் கல்யாணப் பாய்க்கு ஆர்டர் வந்திருந்தது. அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை முடியும் வரை விடவில்லை. காயவைக்க வெயில் இல்லை. சாயம் போட்ட கோரை பூசணம் பிடித்தது. முகூர்த்தம் யாருக்காகவும் காத்திருக்காது. ஆர்டர் போயிற்று, முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வந்தது. இருவருக்கும் ஒரே மழை, ஒரே நஷ்டம்.

முதல் பெண்ணுக்கு மகன் வளைகுடாவில் வேலையில் இருந்தான். மாதாமாதம் கொஞ்சம் பணம் வரும். அதில் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது, என் வங்கியின் வட்டியும் கட்டப்பட்டது. தை பிறந்து வெயில் அடித்ததும் மறுபடி கோரை வாங்கினாள். இரண்டாவது பெண்ணுக்கு அப்படி யாரும் இல்லை. கணவர் படுத்த படுக்கை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வெளியில் பத்து வட்டிக்குப் பத்தாயிரம் வாங்கினாள். பத்து வட்டி என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம், பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய். பத்தாயிரத்துக்கு மாதம் ஆயிரம், வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம். வாங்கியதைவிடக் கொடுத்தது அதிகமான பிறகும் வாங்கியது அப்படியே நிற்கும். நகை ஏலத்துக்குப் போயிற்று. அடுத்த வருஷம் அவள் பழைய வியாபாரியிடமே கூலிக்கு நெய்துகொண்டிருந்தாள். முதல் பெண் வீட்டில் நான்கு தறி ஓடியது.

அந்த நான்கு தறி வீட்டைக் காட்டி, "பாருங்கள், விடாமுயற்சி என்றால் இதுதான்" என்று ஊர் பேசியது. நானும் பேசியிருக்கிறேன். இரண்டாவது பெண்ணுக்கு மட்டும் விடாமுயற்சி இல்லையா? அவள் கடைசி நாளில் என் மேஜை முன்னால் நின்று சொன்னாள்: "சார், எனக்குத் தொழில் தெரியும். ஒரு தடவை தோக்கறதுக்குத்தான் என்கிட்ட துட்டு இல்ல."

இன்றைய என் பேச்சு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்கு உரை எழுதுவதுதான். தொழில் என்று ஒன்றில் இறங்குபவர் யாராக இருந்தாலும் ஒருமுறையாவது நஷ்டப்படுவார். இருப்பவர் மகன் விழுந்தால் மாமனார் வீடு இருக்கிறது, அப்பாவின் வயல் இருக்கிறது, ஜாமீன் போடப் பெரியப்பா இருக்கிறார். அவன் எழுந்து உடம்பைத் தட்டிவிட்டுக்கொண்டு இரண்டாம் முறை முயல்வான், மூன்றாம் முறையும் முயல்வான். மூன்றாவதில் ஜெயித்தவனைத்தான் நாம் சாமர்த்தியசாலி என்கிறோம். ஏழை விழுந்தால் கீழே தரை இல்லை. விழுந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். அப்படி எங்கே போய் விழுகிறார்கள் என்பதை 2017 அக்டோபரில் நம் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் பார்த்தோம். கந்துவட்டி தாளாமல் ஒரு குடும்பம், கணவன் மனைவி இரண்டு சின்னக் குழந்தைகள், தீயில் வெந்து போனார்கள். அதீத வட்டியைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003இலேயே வந்துவிட்டது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. அந்தக் குடும்பத்தின் காலுக்குக் கீழே எதுவும் இருக்கவில்லை.

சரி, ஏழையாகப் பிறந்து பெரும் பணக்காரர் ஆனவர்களே இல்லையா? இருக்கிறார்கள். தைரோகேர் என்ற பெயரை இரத்தப் பரிசோதனைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அதைத் தொடங்கிய ஆரோக்கியசாமி வேலுமணி கோயம்புத்தூர் மாவட்டத்து அப்பநாயக்கன்பட்டி புதூரில் 1959இல் பிறந்தவர். அப்பாவுக்குச் சொந்த நிலம் கிடையாது. அம்மா எருமை வளர்த்துப் பால் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். அந்தப் பையன் படித்துப் பட்டம் வாங்கி, ஒரு சின்ன மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்து, அதுவும் மூடிப்போய், பிறகு மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் சேர்ந்தார். 1996இல் சொந்தமாகப் பரிசோதனைக்கூடம் தொடங்கினார். 2021இல் அந்த நிறுவனத்தில் 66.1 சதவீதப் பங்கு 4,546 கோடி ரூபாய்க்கு விலை போனது.

பத்திரிகைகள் இந்தக் கதையை எருமையில் ஆரம்பித்து நேரே கோடிகளுக்குத் தாவிவிடும். வங்கிக்காரன் கண் நடுப்பகுதியில்தான் நிற்கும். நடுவில் ஏறக்குறைய பதினான்கு வருஷம் மத்திய அரசு வேலை. மாதம் பிறந்தால் சம்பளம். தொழில் தொடங்க அவர் கையில் எடுத்தது வருங்கால வைப்புநிதிப் பணம். மனைவி பாரத ஸ்டேட் வங்கியில் வேலை பார்த்தவர். தொழில் தொடங்கும்போது அவருக்கு வயது 37. அதாவது இரண்டு எருமையிலிருந்து அவர் நேரே குதிக்கவில்லை. அரசாங்கச் சம்பளம் அவருக்கு ஒரு தரை போட்டுக் கொடுத்தது. அந்தத் தரையில் பதினான்கு வருஷம் நின்று பலம் சேர்த்துக்கொண்டு அப்புறம் குதித்தார். குதித்த துணிச்சல் அவருடையது, அறிவு அவருடையது. அதில் ஒரு குன்றிமணியும் நான் குறைக்கவில்லை. ஆனால் அந்தப் பையனுக்குப் பதில் சொல்லும்போது இந்த நடுப்பகுதியைச் சொல்லாமல் விட்டால் அது பொய்.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. இந்தத் தெற்குச் சீமையின் அழகப்பபுரத்திலிருந்து சென்னைக்குப் போய், கையில் மொத்தப் பணம் இல்லாத குடும்பங்களுக்குத் தவணையில் ரேடியோவும் மின்விசிறியும் விற்றுப் பெரிய வணிகர் ஆனவர் வி.ஜி.பன்னீர்தாஸ். அவர் கடையில் விற்பனையாளராக இருந்த அகஸ்தீஸ்வரத்து எச்.வசந்தகுமார் 1978இல் தனிக்கடை போட்டார். அங்கே ஏழைகளுக்குக் கிடைத்தது தவணை என்கிற அவகாசம். இரண்டாமவருக்குக் கிடைத்தது, மற்றொருவர் கடையில் சம்பளத்தோடு தொழில் பழகிக்கொண்ட சில வருஷங்கள். ஒருவர் ஏறியதும் ஏணியை இழுத்துக்கொள்ளாத இடங்களில் இரண்டாவது ஆள் ஏறியிருக்கிறார்.

இதையே ஒரு சமூகம் முழுவதும் சேர்ந்து செய்த கதையும் நம் மண்ணில்தான் நடந்தது. இருநூறு வருஷத்துக்கு முன் திருச்செந்தூர்த் தேரிக்காட்டில் பனையேறிப் பிழைத்த நாடார்கள், கோயிலுக்குள் போகவும் உரிமை மறுக்கப்பட்டவர்கள், இன்றைய விருதுநகரான விருதுபட்டியிலும் சிவகாசியிலும் கடைத்தெருக்களை எப்படிக் கட்டினார்கள்? தனித்தனி ஆளின் சாமர்த்தியத்தைத் தேடினால் விடை கிடைக்காது. மகமை என்ற சொல்லில்தான் விடை இருக்கிறது. விற்கிற ஒவ்வொரு மூட்டையிலும் பொதுவுக்கென்று ஒரு சிறு பங்கு. அந்தப் பணம் உறவின்முறை என்ற அவர்களுடைய ஊர்ச் சபையிடம் சேரும். அதிலிருந்து சரக்கு வைக்கப் பேட்டை கட்டினார்கள், கிணறு வெட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். விருதுநகர் சத்திரிய வித்யாசாலைக்குப் பிடியரிசிப் பள்ளிக்கூடம் என்றே பெயர். வீட்டில் உலை வைக்கும்போது பெண்கள் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் போட்டுவைப்பார்கள். அந்த அரிசி பள்ளிக்கூடத்தை நடத்தியது. 1921 மே 11 அன்று தூத்துக்குடியில் நாடார் வங்கி பதிவானது. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். அடுத்த வருஷம் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறிப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை குறைந்த கந்தக பூமியில் ஒரு தொழில் நகரம் எழுந்தது. கற்றுக்கொள்ளப் போனவர்கள் தோற்றுத் திரும்பியிருந்தாலும் ஊரில் அவர்களைத் தாங்க ஆள் இருந்தது.

இதில் ஒரு வேதனையும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. அந்தத் தீப்பெட்டி ஆபீசுகளிலும் பட்டாசு ஆலைகளிலும் பல தலைமுறை, சுற்றுவட்டாரத்து ஏழைப் பிள்ளைகளின் விரல்கள் தேய்ந்தன. விபத்தில் கருகிய உடல்களை இன்னும் செய்தியில் பார்க்கிறோம். தனக்காகத் தரை போட்டுக்கொண்ட ஒரு சமூகத்தின் வாசலில், தரையில்லாதவர்கள் கூலிக்கு நின்றார்கள். மகமை ஒரு சாதிக்குள் முடிந்துபோனதன் எல்லை அது. சாதிக்கு வெளியேயும் நீளுகிற தரையை அரசாங்கம்தான் போட முடியும்.

அதற்கு உதாரணம் தேடி நாம் எங்கேயும் போக வேண்டாம். பக்கத்தில் இருக்கிற சேரன்மகாதேவிக்குப் போனால் போதும். அந்த ஊர் இரண்டு முறை தமிழ்நாட்டுச் சரித்திரத்தில் சாப்பாட்டின் பெயரால் இடம் பிடித்திருக்கிறது. வ.வே.சு.ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வைத்த விவகாரம் 1924, 25இல் வெடித்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை நாடறியச் செய்தார்கள். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்ற கேள்விதான் அங்கே எழுந்தது. முப்பது வருஷம் கழித்து அதே சேரன்மகாதேவி ரயில்வே கேட்டில் முதலமைச்சர் காமராஜரின் கார் நின்றது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம், பள்ளிக்கூடம் போகவில்லையா என்று அவர் கேட்டார். போனால் சோறு யார் போடுவார் என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். இந்த வட்டாரத்தில் நம் பெரியவர்கள் வாய்வழியாக வந்த செய்தி இது. விருதுநகர்ப் பிடியரிசிப் பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவருக்கு அந்தப் பதிலின் பொருள் விளங்காமல் இருக்குமா! 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. ஊர் வீடுகளின் பிடி அரிசி அரசாங்கத்தின் அரிசி ஆனது. தனிப் பந்தி போய் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெரிதாக்கினார். 2022இல் காலை உணவும் சேர்ந்தது. கல்லூரி போகும் அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருவதும் அதே வருஷம் தொடங்கியதுதான். இந்தக் கூட்டத்திலேயே அதை வாங்குகிற பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அதன் பலனை எண்ணிலும் பார்க்கலாம். உயர்கல்விக்குப் போகும் வயதுப் பிள்ளைகளில் கல்லூரியில் சேர்ந்தவர்கள் இந்தியா முழுவதும் எடுத்தால் நூற்றுக்கு 28 பேர். தமிழ்நாட்டில் 47 பேர். இது 2021-22 கணக்கு. நிதி ஆயோக்கின் 2019-21 பன்முக வறுமைக் கணக்கில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று மேல்தான் வறுமையில் இருந்தார்கள். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் இதை யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். பட்டினியிலிருந்து வெளியே வர ஒரு தலைமுறை போதும் என்று நம் மாநிலம் காட்டியிருக்கிறது.

ஆனால் பையன் கேட்டது பட்டினியை அல்ல. பணக்காரர் ஆவதைக் கேட்டான். அந்த இடத்தில் எண்கள் கடுமையாக இருக்கின்றன. பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பு 2018இல் ஒரு கணக்குப் போட்டது. ஏழைக் குடும்பம் ஒன்று நாட்டின் சராசரி வருமானத்தைத் தொட டென்மார்க்கில் இரண்டு தலைமுறை ஆகும், இந்தியாவில் ஏழு தலைமுறை ஆகும். ஏழு தலைமுறை ஆவது பணக்காரர் ஆக அல்ல, சராசரியைத் தொட. முயற்சி உள்ளவனுக்கு வானமே எல்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் அமெரிக்காவில் ராஜ் செட்டி என்ற பொருளாதார அறிஞர் கோடிக்கணக்கான வரிக் கணக்குகளைப் பார்த்தார். அடித்தட்டு ஐந்தில் ஒரு பங்கில் பிறந்த குழந்தை மேல்தட்டு ஐந்தில் ஒரு பங்குக்குப் போவது அங்கே நூற்றுக்கு ஏழு அல்லது எட்டுப் பேர். பிறப்பு ஒன்றையும் தீர்மானிக்காது என்றால் இருபது பேர் போக வேண்டும். கனடாவில் பதின்மூன்றைத் தாண்டுகிறது. அமெரிக்கப் பிள்ளைகள் கனடாப் பிள்ளைகளைவிடச் சோம்பேறிகள் என்று யாராவது சொல்வீர்களா?

இந்த ஊரில் நின்றுகொண்டு இன்னொன்றையும் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. சாம் ஆஷர், பால் நோவோசாட், சார்லி ராஃப்கின் மூவரும் இந்தியாவில் தந்தை படிப்பையும் மகன் படிப்பையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். சில பத்தாண்டுகளில் பட்டியல் சாதிப் பிள்ளைகள் மேலே வந்திருக்கிறார்கள். முஸ்லிம் பிள்ளைகளின் வாய்ப்பு நாடு முழுவதும் எடுத்தால் இறங்கியிருக்கிறது. முதல் செய்தி, இட ஒதுக்கீடும் அரசுத் திட்டமும் வேலை செய்யும் என்பதற்குச் சாட்சி. இரண்டாவது, தரை போடாமல் விட்ட இடம் இன்னும் இருக்கிறது என்பதற்குச் சாட்சி. பாய் நெய்கிற வீடுகளில் பெரும்பாலானவை யாருடைய வீடுகள் என்பது உங்களுக்குத் தெரியும்.

தரை போடாமல் விட்ட இன்னொரு இடத்தைப் பார்க்க நம் தாமிரபரணியின் தலைமாட்டுக்குப் போங்கள். மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 8,374 ஏக்கர் காட்டைப் பம்பாய் பர்மா கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. மலையேறிப் போன கூலிக் குடும்பங்கள் அட்டைக்கடிக்கும் குளிருக்கும் நடுவே தேயிலை போட்டார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தார்கள். கூலி உயர்வு கேட்டுத் திருநெல்வேலிக்கு ஊர்வலம் வந்தபோது, 1999 ஜூலை 23 அன்று, போலீஸ் தடியடியில் ஆற்றுக்குள் துரத்தப்பட்டு 17 பேர் இறந்தார்கள். ஒரு கைக்குழந்தையும் அதில் உண்டு. கோரை ஊறுகிற அதே தாமிரபரணிதான். 2024இல் தோட்டத்தை மூடி இறங்கிப் போகச் சொன்னபோது, தொண்ணூற்றைந்து வருஷம் அந்த மலையில் உழைத்த குடும்பங்களுக்கு அங்கே ஒரு சென்ட் நிலமோ ஒரு லயன் வீடோ சொந்தப் பெயரில் இல்லை. வங்கிக்கு வந்து ஒரு கடன் கேட்க வேண்டும் என்றாலும் ஜாமீனுக்குக் காட்ட என்ன இருக்கிறது?

கூலி எவ்வளவு வந்தாலும் அன்றாடச் செலவுக்குப் போய்விடும். வீட்டுப் பத்திரம், தறி, கடை, படிப்புச் சான்றிதழ், இப்படி ஏதாவது ஒன்று சொந்தப் பெயரில் இருந்தால்தான் அடுத்த தலைமுறைக்கு ஏதாவது நகரும். வங்கியில் நான் பார்த்தவரை, ஏழைக் குடும்பம் நிமிர்ந்த ஒவ்வொரு இடத்திலும் இரண்டு விஷயம் சேர்ந்து இருந்தது. விழுந்தால் தாங்க யாரோ இருந்தார்கள். எழுந்தபோது கையில் சொந்தமாக ஏதோ இருந்தது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் உழைப்பு சோறு போட்டதோடு நின்றுவிட்டது.

ஆக, தம்பி, உனக்கு என் பதில் இது. நீ இங்கே இல்லை; இப்போது எந்த ஊரில் என்ன வேலையில் இருக்கிறாயோ. உன் உம்மா பணக்காரர் ஆகாததற்கு அவர் செய்த தப்பு ஒன்றும் இல்லை. நீ ஏழையாக இல்லாமல் இருக்க முடியும், அது நடக்கக்கூடியது. இந்த மாநிலத்தில் லட்சக்கணக்கானவர்களுக்கு நடந்திருக்கிறது. நீ பெரும் பணக்காரன் ஆவது நூற்றில் சிலருக்கே நடக்கும். அந்தச் சிலரில் ஒருவனாக நீ இருக்கலாம், அதற்கு ஆசைப்படுவதில் தவறே இல்லை. ஆனால் முடியாமல் போனால் அதை உன் குற்றமாக எடுத்துக்கொள்ளாதே. உன்னை யாராவது குற்றம் சொன்னால் ஒப்புக்கொள்ளாதே.

உழைப்பை மதிக்கவில்லை என்று யாராவது என்மேல் வருத்தப்படலாம். உழைப்பை மதிப்பதால்தான் இவ்வளவும் பேசுகிறேன். பன்னிரண்டு மணி நேரம் குனிந்து உட்கார்ந்து, இடுப்பு வலியை மிளகுக் கஷாயத்தில் ஆற்றிக்கொண்டு மறுநாளும் தறியில் உட்காருகிற தாயிடம் போய் இன்னும் உழை என்று சொல்வது உழைப்புக்குச் செய்கிற மரியாதை ஆகாது.

இனி நம் ஊருக்கு ஆகக்கூடிய ஒரு காரியத்தைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். அரசாங்கம் செய்ய வேண்டியதை அரசாங்கத்திடம் கேட்போம், விடாமல் கேட்போம். அதற்கிடையில் நாமே ஒரு மகமை தொடங்கலாம். சாதி மகமை வேண்டாம், பாய் மகமை. இந்த ஊரிலிருந்து விலைபோகிற ஒவ்வொரு பாய்க்கும் ஒரு சிறு தொகை. நெய்கிறவர் மட்டும் போட்டால் போதாது. வாங்கி விற்கிற வியாபாரியும் போட வேண்டும், வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் நாலு பாய் வாங்கிப் போகிற நம் பிள்ளைகளும் போட வேண்டும். மழையில் கோரை பூசணம் பிடித்தால், வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால், அந்தப் பணத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வட்டி கிடையாது. அடுத்த பாய் விற்றதும் திருப்பினால் போதும். யார் வாங்கினார்கள் என்பது ஊருக்குத் தெரிய வேண்டாம். கணக்கு மட்டும் ஊருக்குத் தெரிய வேண்டும். தறியும் கணக்கும் நெய்கிற பெண்ணின் பெயரிலேயே இருக்க வேண்டும், வீட்டு ஆண்கள் பெயரில் அல்ல. இதில் நான் பிடிவாதக்காரன், ஏனென்றால் ஆண்கள் பெயரில் இருந்த பாஸ்புத்தகங்கள் என்ன ஆயின என்று நான் பார்த்திருக்கிறேன்.

அன்று என் மேஜை முன்னால் நின்ற அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது பத்தாயிரம் ரூபாய், மூன்று மாதத் தவணைக்கு. அவ்வளவுதான். அந்தப் பணம் இந்த ஊரில் இல்லாமல் இல்லை. அதை வைக்க ஒரு பெட்டிதான் இல்லை.

ஐப்பசி மழை தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசினால் நல்லது. பேரேடு எழுதிப் பழகிய கை என்னுடையது, கணக்கு எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன், சம்பளம் வேண்டாம். பெட்டியின் சாவி இரண்டு தாய்மார்களிடம் இருக்கட்டும்.

இப்போது கேள்வி கேளுங்கள். பின்வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருக்கிற அந்த அம்மா வெகுநேரமாகக் கையைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருக்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்கட்டும்.